கறுப்பு அறையின் முகவரி

கோர்ட் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் நின்று பேசினார். வழக்கமாக அவர் நிற்பதில்லை.

"உங்க கட்சிக்காரம்மாவுக்குக் கடல் காத்து ஒத்துக்குதா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். தனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அவளும் வக்கீல்தான். அவளுடைய கட்சிக்காரி ஒரு நர்ஸ். நர்ஸின் புருஷன் பஸ் முதலாளி. மனைவியின் கையை உடைத்தவன். மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தான். நர்ஸும் மகளும் ஒளிந்திருக்கும் வீடு வக்கீலைத் தவிர யாருக்கும் தெரியாது. கோர்ட்டுக்குக்கூட அவள் தன் ஆபீஸ் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். உண்மையான முகவரி எழுதப்பட்டிருந்தது ஒரே இடத்தில். அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில், கறுப்பு அறையில்.

அந்த வீடு கடலோரத்தில் இருந்தது.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். முன்னறையில் குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். கோர்ட்டில் அவருக்குத் தந்தி என்று பெயர். காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் எல்லா பெஞ்சுக்கும் போய்விடும்.

"என்ன மேடம், முகம் சரியில்லையே" என்றார் தந்தி.

"வெயில்."

"வெயில்னா முகம் சிவக்கும். இது வெளுத்திருக்கு."

"உங்க வேலையைப் பாருங்க."

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க முகத்தைப் பாத்துதானே இந்த ஆபீஸ்ல அன்னன்னிக்கு வேலையே."

அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள்.

அதை அமைத்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன். வழக்குகளின் ரகசியத்துக்கு சாதாரண கம்ப்யூட்டர் உதவாது என்று அவன்தான் சொன்னான்.

"மத்த கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே ஹால் அக்கா. ஜன்னல் வழியா ஒருத்தன் குதிச்சா நேரா பீரோ வரைக்கும் போயிடுவான். இது தனித்தனி அறை. ஒவ்வொரு அறையும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்து அறை இருக்கறதே அதுக்குத் தெரியாது."

அறைக்கு ஒரு நிறம். அந்த அறையில் திறக்கும் ஜன்னலுக்கு அந்த நிறத்தில் விளிம்பு இருக்கும். சிவப்பில் இணையம். மஞ்சளில் கடிதங்கள். பச்சையில் வழக்குகள். கறுப்புக்கு இணையமே கிடையாது. அதிலிருந்து ஒரு சொல்லைப் பச்சைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால்கூட நாற்காலியில் இருக்கும் ஆள் கேட்டு, அதே ஆள் சம்மதிக்க வேண்டும்.

"இது யாரையும் நம்பாது" என்று தம்பி அன்று சொன்னான். "சந்தேகப்படற வேலையை இதுகிட்ட விட்டுடு. நீ நிம்மதியா எல்லாரையும் நம்பலாம்."

இன்னொன்றும் சொல்லியிருந்தான். மென்பொருள்கள் அறைகளில் இருப்பதில்லை. தாய் என்று ஒன்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு அறையும் திறக்கும்போது தாயிடமிருந்து புதிதாகப் பிறக்கும். அறைக்குள் எதையாவது நிறுவினால் அறையை மூடியதும் அது போய்விடும். எழுதி வைத்த கோப்புகள் மட்டும் தங்கும். தாய்க்கு ஒன்றைக் கொடுத்தால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்.

அவள் கறுப்பு அறையைத் திறந்தாள். முகவரி இருந்தது. கடைசியாகப் பார்த்த கோப்பை அந்த அறையின் எழுதும் மென்பொருள் தானாகவே விரித்து வைக்கும். வேறு எதுவும் மாறவில்லை. பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். அந்த அறையில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் விரித்தாள்.

நடுவில் ஒன்று இருந்தது. திரையில் நடப்பதைப் படமாகப் பதியும் கருவி.

அவள் அதை நிறுவியதில்லை. அறையை மூடி மறுபடி திறந்தாள். இருந்தது. பச்சையில் பார்த்தாள். அங்கும் இருந்தது. மஞ்சளிலும் சிவப்பிலும் இருந்தது.

யாரோ தாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் கையை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். குறுக்கு விசாரணைக்கு முதல்நாள் யோசிப்பதுபோல யோசித்தாள். கறுப்பு அறைக்கு இணையம் இல்லை. வெளியிலிருந்து எவனும் எட்டிப்பார்க்க முடியாது. பதிவான படம் அறைக்குள்ளேயே கிடக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும். கடவுச்சொல் அவளுக்கும் தம்பிக்கும் தெரியும். அவள் எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். ஆனால் தினமும் அவள் கடவுச்சொல்லை அடிக்கும் நேரத்தில்தான் தந்தி தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.

இரண்டு பேர்.

தந்திமேல் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. சில வாரங்களுக்கு முன் அவள் திருத்தி வைத்த ஒரு மனு காணாமல் போனது. அவர்தான் அழித்தார் என்று நினைத்தாள். தம்பி போனில் சிரித்தான். தெரியாத ஆள் அனுப்பும் கோப்புகளை அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தற்காலிக அறையில் திறக்கும். ஜன்னலை மூடினால் அறையே அழியும். உள்ளே எழுதியதும் அழியும்.

"எல்லாப் பொய் சாட்சியையும் கிழிக்கறவ, கரையில நின்னு தண்ணில எழுதிட்டு வந்திருக்க" என்றான்.

அன்று தந்தியிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. குற்றம் சாட்டியதையே அவரிடம் சொல்லவில்லை. அதனால் கேட்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவள் உண்மையான முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு அழித்தாள். அந்த இடத்தில் சித்தியின் முகவரியை எழுதினாள். சித்தி தனியாக இருந்தாள். மாடி காலியாகக் கிடந்தது. "மாடி போர்ஷன், பின்பக்கப் படி" என்று சேர்த்தாள். யார் அந்தப் படியேறினாலும் சித்திக்குத் தெரியும். சித்திக்குத் தெரிந்தால் உடனே போன் வரும்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகும்போது கறுப்பு அறையைத் திறந்தபடி விட்டாள். திரையைப் பூட்டவில்லை. உள்ளறைக் கதவையும் சாத்தவில்லை.

சாயங்காலம் வந்தபோது திரை பூட்டியிருந்தது.

"திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க மேடம்" என்றார் தந்தி. "நான்தான் பூட்டினேன்."

"பூட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க தினமும் ரெண்டு பட்டனை அமுக்கிட்டுப் போறீங்க. அதையே நானும் அமுக்கினேன். எனக்கு என்ன கை இல்லையா?"

"திரைல என்ன இருந்தது?"

"கறுப்பா ஓரம் போட்டு ஏதோ. கண்ணாடி இல்லாம எனக்குச் சுவரே மங்கல். ஏன், பாத்திருக்கணுமா?"

"வேண்டாம்."

"பாத்துட்டு யார்கிட்டயாவது சொல்லணும்னா சொல்லுங்க. அதுக்குத்தானே எனக்குப் பேரு வச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். அவருடைய சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

ஒரு வாரம் சித்தியிடமிருந்து போன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொன்னாள். அப்டேட் வந்திருக்கிறது, தொடப் பயமாக இருக்கிறது என்றாள். அவன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு பட்டனை அமுக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போகுது. உன் பீஸ்ல எனக்குப் பங்கு கொடு."

"நீயும் கேஸ் கொண்டு வா. தரேன்."

"என் பொண்டாட்டி ஒரு நாள் கொண்டு வருவா. அவ பக்கம் நீ ஆஜராவ. தெரியும்."

தாயைத் திறந்தான். எழுத்துகள் வரிவரியாக ஓடின. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பதிவுக் கருவியைப் பற்றி அவனே சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

"டீ வாங்கிட்டு வரேன்" என்றாள்.

"தந்தி எங்கே?"

"ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. ஊர் முழுக்கப் போகணுமே."

படியில் பாதி இறங்கி நின்றாள். டயர் கடை மூடியிருந்தது. மேலே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க ஆகும் நேரம்.

டீயோடு வந்தபோது அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"முடிஞ்சுது. எல்லா அறையும் திறக்குதான்னு பாத்துட்டேன்."

"எல்லா அறையுமா?"

"எல்லாம்."

"வேற ஏதாவது?"

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் போலிருந்தான். டீயைக் குடித்தான்.

"சித்தி எப்படி இருக்கா? பாத்தியா?" என்றான்.

"இல்லை" என்றாள்.

மறுநாள் மத்தியானம் சித்தி போன் செய்தாள்.

"உன் தம்பிக்கு என்னடி ஆச்சு? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறான். மாடில யார் இருக்காங்கறான். எலி இருக்குன்னேன். நம்ப மாட்டேங்கறான். மேல ஏறிப் போய் லைட்டைப் போட்டுப் பாக்கறான், ஜன்னலை ஆட்டிப் பாக்கறான், பாத்ரூம் கதவைத் திறந்து பாக்கறான். வாடகைக்கு ஆள் வச்சுத் தர்றானோன்னு சந்தோஷப்பட்டேன்."

"வேற என்ன கேட்டான்?"

"அக்கா யாரையாவது கூட்டிட்டு வந்தாளான்னான். உங்க ரெண்டு பேருக்குள்ள என்னடி?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் இந்தக் குடும்பத்துல எல்லாரும் போன் பண்ணுவீங்க."

அவள் போனை வைத்தாள். பெருமூச்சு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பொறி வேலை செய்துவிட்டது. மாட்டியது அவள் மாட்டக் கூடாது என்று நினைத்த ஆள்.

நேராக அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. மாடில துணி காயப்போடறார். இன்னிக்கு அவர் முறை."

மொட்டைமாடியில் அவன் வாயில் கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் விரிப்பின் மறுமுனையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"சித்தி வீட்டுக்கு ஏன் போன?"

கிளிப்புகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அவ தனியா இருக்கா. நீ அங்க ஆளை ஒளிச்சு வைக்கற. அந்த பஸ்காரன் ஆளுங்க வந்தா சித்தி கதி என்ன? உன்கிட்ட கேட்டா சொல்ல மாட்ட. போய்ப் பாத்தேன். பின்பக்கக் கதவுல தாழ்ப்பாளே இல்ல. புதுசு போட ஆள் சொல்லியிருக்கேன்."

"பஸ்காரன்னு யார் சொன்னது?"

"யார் சொல்லுவா? தந்திதான். நீ ஆளை ஒளிச்சு வச்சிருக்கற கேஸ் அது ஒண்ணுதானாம். போன மாசம் படியில நின்னுக்கிட்டு முழுக் கதையும் சொன்னார். முகவரி மட்டும் அவருக்குத் தெரியாதுன்னு ரொம்ப வருத்தப்பட்டார்."

"உனக்குத் தெரிஞ்சுது."

"அறையைத் திறந்ததும் அதுவா வந்து நிக்குது. கண்ணை மூடிக்கணுமா?"

"மூடியிருக்கலாம்."

அவன் விரிப்பைக் கொடியில் போட்டான். ஒரு கிளிப்பை மாட்டினான். அடுத்ததை மாட்டாமல் நின்றான்.

"மாடி காலியா இருந்துச்சு" என்றான் மெதுவாக. "அங்க யாரையும் நீ வைக்கவே இல்ல." அடுத்த கிளிப்பையும் மாட்டினான். "பொறியா?"

அவள் விரிப்பின் மடிப்பை நீவினாள்.

"யாருக்கு? எனக்கா, தந்திக்கா?"

"தாய்ல பதிவுக் கருவி போட்டது யாரு?"

"நான்தான். மனு காணோம், காணோம்னு நீ கத்தினப்போ, அடுத்த தடவை பண்றதைப் பதிவு பண்ணிக் காட்டுன்னு சொல்லி, போட்டு விட்டேன். போன்ல சொன்னேன். நீ கோர்ட் வாசல்ல நின்னு சரி சரின்னே."

கோர்ட் வாசலில் நின்று அவள் எல்லோருக்கும் சரி சரி என்றுதான் சொல்வாள். இதற்குச் சொன்னாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"மனுவுக்குன்னு போட்டது கறுப்புக்கும் ஏன் போகணும்?"

"ரெண்டுக்கும் ஒரே தாய். கறுப்புக்குத் தனியா ஒரு தாய் வச்சிருக்கணும். எழுத மட்டும் தெரிஞ்ச ஒரு சின்னத் தாய். ஆரம்பத்துலேயே பண்ணியிருக்கணும். சோம்பேறித்தனம். இந்தத் தொழில்ல இருக்கறவன் பண்ணக் கூடாத சோம்பேறித்தனம். அதுக்குத் திட்டு, வாங்கிக்கறேன்."

"இதுக்கு முன்னால அந்தக் கோப்புல இருந்த முகவரி?"

அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"பாத்திருக்கேன். போன தடவை அப்டேட் பண்ணப்போ."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லலன்னா நம்புவியா?"

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் சாட்சிகளை அவளுக்குத் தெரியும். பாதிப் பேர் பொய்யர்கள். மீதிப் பேர் மனம் உடைந்தவர்கள். கூண்டில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாடிப்படியில் தம்பி மனைவி இரண்டு தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"காபி ஆறுது அண்ணி" என்றாள்.

வக்கீல் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

மறுநாள் விடியற்காலை ரயிலில் கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். பெட்டி மாறி மாறி உட்கார்ந்தாள். பின்னால் யாரும் வரவில்லை. வராதது போலிருந்தது.

ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. நர்ஸ் கதவைப் பாதி திறந்து, அவள்தான் என்று பார்த்த பிறகு முழுதும் திறந்தாள். மகள் தரையில் குப்புறப் படுத்து வீடு வரைந்துகொண்டிருந்தாள்.

"இந்த ஊர் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் வக்கீல். "வீடு தெரியலேன்னு நினைக்கறேன். கடல்னு தெரியும்."

நர்ஸ் உட்கார்ந்தாள். முகம் மாறியது. ஆனால் அது பயம் மட்டும் இல்லை. வக்கீல் அதைக் கவனித்தாள்.

"யார்கிட்ட பேசின?"

"அவர்கிட்ட இல்ல."

"யார்கிட்ட?"

"மாமியார்கிட்ட."

வக்கீல் காத்திருந்தாள்.

"அவங்க கால்ல சர்க்கரைப் புண் இருக்கு மேடம். இத்தனை வருஷமா நான்தான் கட்டு போட்டேன். இப்போ சமையல்காரம்மா போடறா. துணியை ஈரத்தோட சுத்தறா. வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுச் சொல்லலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."

"எந்த போன்லேருந்து?"

"கடை போன். நம்பர் மாத்தி மாத்தி. நீங்க சொன்ன மாதிரியே."

"கடல்னு சொன்னியா?"

"என்னடி இரைச்சல்னாங்க. கடல்னேன். அவ்வளவுதான். அவங்க மகன்கிட்ட சொல்ல மாட்டாங்க. அவங்களும் அவர்கிட்ட அடி வாங்கியிருக்காங்க."

"அவங்க சொல்ல வேண்டாம். கட்டு போடறவ காலடியிலதானே உக்காந்திருப்பா."

மகள் நீலப் பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

ஆக, அது கம்ப்யூட்டர் இல்லை. தம்பி இல்லை. தந்தியும் இல்லை. அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு வாய் திறந்திருந்தது என்பதால் இன்னொரு வாய் மூடியிருந்தது என்று ஆகிவிடாது. அவள் தொழில் அதைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அதை ஒருமுறை மறக்க முயன்றாள். முடியவில்லை.

அன்றைக்கே அவர்களை இடம் மாற்ற வேண்டும். அவளோடு சட்டம் படித்த ஒருத்தி, படிப்பை விட்டுவிட்டு, கடலிலிருந்து தள்ளி, உள்பகுதியில் ஒரு பெண்கள் விடுதி நடத்திவந்தாள். அங்கே ரயில் போகாது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. பாதி பஸ் நர்ஸின் புருஷனுடையது. மீதி பஸ்களின் கண்டக்டர்கள் அவனிடம் வேலை பார்த்தவர்கள். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் பஸ் நிலையத்தில்தான் டீ குடிக்கிறார்கள்.

கார் வைத்திருக்கும் ஒரே ஆளுக்குப் போன் செய்தாள்.

"கார் வேணும்" என்றாள்.

மறுமுனையில் தம்பி சாவிக் கொத்தை எடுப்பது கேட்டது.

"நெடுஞ்சாலைல நீ ஓட்ட மாட்ட. லாரியைக் கண்டா ஓரமா நிறுத்திட்டு உக்காந்துடுவ. நான் வரேன்." பிறகு சொன்னான். "எங்க வரணும்னு சொல்ல வேண்டாம். அதான் தெரியுமே."

குத்திக்காட்டினானா, சாதாரணமாகச் சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை.

சொன்ன நேரத்துக்கு வந்தான். ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் காரை நிறுத்தி, நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை ஏற்றினான். வக்கீல் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கடல் பின்னால் போனது.

"மாமா, எங்க போறோம்?" என்றாள் சிறுமி, வரைந்த வீட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"எனக்குத் தெரியாதுடா கண்ணு."

"வண்டி ஓட்டறவருக்கே தெரியாதா?"

"இன்னிக்கு அப்படித்தான். உங்க வக்கீல் அத்தை வலதுன்னா வலது, இடதுன்னா இடது."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாத்தான் போவேன்."

சிறுமி சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் வழி முழுக்க அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு சாலைகள் பிரியும் இடம் வந்தது. ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு புளியமரம். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் காரை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தான்.

"இதுக்கு மேல லாரி அவ்வளவா வராது. நீ ஓட்டு."

"நீ?"

"எனக்கு டீ குடிக்கணும்."

இறங்கினான். அவள் இறங்கிச் சுற்றிவந்தாள். இருவரும் கதவருகே நின்றார்கள். பின்சீட்டுக் கண்ணாடி ஏறியிருந்தது.

"நான் கூட வந்தா எனக்கும் தெரியும். தெரிஞ்சா நீ மறுபடி மாத்தணும்" என்றான். "அந்தப் பொண்ணு பாவம். எத்தனை வீடுதான் வரையும்."

பரவாயில்லை, ஏறு என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"எப்போ வருவேன்னும் சொல்லாதே. நேரத்தை வச்சு தூரத்தைக் கணக்குப் போடலாம். நான் போட மாட்டேன். ஆனா போட முடியும்."

"இந்தக் கார் எங்க போகுதுன்னு உன் போன்ல தெரியுமா?"

"தெரியும். அணைச்சு வச்சிருக்கேன்."

அவள் கையை நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எந்தச் சாலையில் போகிறாள் என்று தெரியாமலிருக்க, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

விடுதி பழைய மில் ஒன்றின் கிடங்கு. உயரமான சுவர். தோழி கேட்டில் காத்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். சிறுமி அவளோடு உள்ளே ஓடினாள்.

நர்ஸ் காரின் அருகில் தயங்கி நின்றாள்.

"மாமியார்கிட்ட இந்த வாரம் பேசணும் மேடம். புண் ஓரத்துல கறுத்திருக்குன்னாங்க."

"நீ பேசக் கூடாது."

"அப்போ கால் போயிடும்."

"நான் ஒரு நர்ஸை அனுப்பறேன். சர்க்கரை ஆஸ்பத்திரிலேருந்து இலவசமா வீட்டுக்கு வந்து பாக்கறாங்கன்னு சொல்லிப் போவா. என்ன பண்ணணும்னு எனக்குச் சொல்லு."

நர்ஸ் சொன்னாள். எந்த மருந்து, எந்தத் துணி, எந்தப் பக்கத்திலிருந்து சுற்ற வேண்டும். வக்கீல் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டு, திருப்பிச் சொன்னாள். ஒரு தவறு வந்தது. நர்ஸ் திருத்தினாள்.

"உங்க தம்பி நல்லவரா?" என்றாள் நர்ஸ், விடைபெறும்போது.

"இதுவரைக்கும்."

திரும்பி வரும்போது வக்கீல் வந்த வழியில் போகவில்லை. எதிர்த்திசையில் ஓட்டினாள். பெயர் தெரியாத ஊர்களைக் கடந்தாள். ஒரு ரயில்வே கேட்டில் நின்றாள். ஒரு லாரி உரசிக்கொண்டு போனது, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினாள். வழியில் டேங்கை நிரப்பினாள். கிலோமீட்டர் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. அது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தாள். நெடுஞ்சாலையைத் தொட்டு, டீக்கடைக்கு மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள்.

தம்பி அதே பெஞ்சில் இருந்தான். கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். கார் வந்து நின்றதும் எழுந்தான். அது வந்த திசையைப் பார்த்தான். சக்கரங்களில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைப் பார்த்தான். இந்தப் பக்கத்து மண் கறுப்பு.

அவள் போனை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"சுத்திக்கிட்டு வந்திருக்க."

"ஆமா."

"எனக்காகவா?"

"ஆமா."

அவன் தலையசைத்தான். கடைக்காரருக்குக் கையை ஆட்டி விடைபெற்றான்.

"நானா இருந்தாலும் சுத்திக்கிட்டுத்தான் வந்திருப்பேன்" என்றான்.

அவள் நகர்ந்து ஓட்டுநர் இடத்தை அவனுக்கு விட முற்பட்டாள்.

"வேண்டாம். நீயே ஓட்டு."

முன்கதவை அவள் உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். அவன் அதைச் சத்தமில்லாமல் சாத்தினான். பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.